கொள்ளிட முகத்துவாரத்தில் காலா பிடிக்கும் கலை: ஓர் அறிமுகம்

ஆறு கடலில் சேருமிடம் முகத்துவாரம் எனப்படும். கயாக் என்பது ஒருவர் கால்நீட்டி உட்கார்ந்து இருமுனைத் துடுப்பால் வலித்துச் செல்லும் ஒடுங்கிய சிறு படகு. முகத்துவாரத்தில் கயாக்கில் இருந்தபடி தூண்டிலிட்டுக் காலா மீனைப் பிடிப்பது எவ்வாறு என்பதையும், குறிப்பாக நீர் வற்றுவது நின்று மீண்டும் ஏறத் தொடங்கும் அந்தச் சிறுபொழுதில் தூண்டில்காரர்கள் ஏன் அத்தனை பரபரப்படைகின்றனர் என்பதையும் தக்க காரணங்களுடன் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இப்பொருளைப் பற்றி வெண்ணந்தூரிலிருந்து ஒருவர் எழுத முற்படுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். நாமக்கல் மாவட்டத்து இராசிபுரம் வட்டத்தில், அலவாய்மலையைப் பார்த்தபடி விசைத்தறிச் சத்தத்துக்குள் வாழும் இப்பேரூர், நேர்கோட்டில் அளந்தாலும் கடலிலிருந்து 180 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே தள்ளியிருப்பதோடு, கடலை என்றால் மானாவாரி நிலத்தில் விளைவது என்றே பொருள்கொள்ளும் இயல்புடையது. ஆயினும் சேர்வராயன் மலையில் தோன்றிச் சேலம் நகருக்குள் புகுந்து வெளியேறும் திருமணிமுத்தாறு நாமக்கல் மாவட்டத்தின் வழியே சென்று காவிரியில் கலப்பதாலும், காவிரி வெள்ளத்தின் பெரும்பகுதியைக் கொள்ளிடமே கடலுக்குச் சுமந்து செல்வதாலும், பழையாறு அருகே கடலில் சேரும் நீரில் இவ்வட்டாரத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்று வாதிட இடமிருக்கிறது. அப்பங்கில் சேலத்துச் சாக்கடையும் சாயக்கழிவும் எவ்வளவு என்பது வேறு செய்தி, உரிமை உரிமைதான்.

கயாக்கில் மீன்பிடிக்கும் இக்கலை செழித்திருக்கும் இடங்களுள் ஒன்று வட அமெரிக்காவின் மேற்குக் கரை, சால்மன் என்னும் மீனை முன்னிட்டு. சால்மன் ஆற்றின் கூழாங்கற்களுக்கிடையே பிறந்து, கடலுக்குச் சென்று கொழுத்து, சில ஆண்டுகள் கழித்துத் தான் பிறந்த ஆற்றுக்கே முட்டையிடத் திரும்பும். நன்னீருக்குள் நுழைந்தபின் அது பெரும்பாலும் இரையெடுப்பதை நிறுத்திவிடுவதால், அதற்கு முன்பே, அதாவது கடலில் ஆற்றுவாய்க்கு அருகிலேயே, அதைத் தூண்டிலில் சிக்கவைப்பது எளிது என்பது அங்குள்ளோர் கணக்கு. கொலம்பியா ஆற்றின் முகத்துவாரத்தில் பத்தாம் எண் மிதவை என்று பெயர்பெற்ற இடத்தில் ஆகஸ்ட் மாதத்தில் இதற்காகவே படகுகள் நெரிபடுகின்றன. ஆற்று ஓட்டமும் கடல் அலையும் எதிரெதிராக மோதும் அந்த மணல்திட்டுப் பகுதி, மூழ்கிய கப்பல்களின் மிகுதியால் பசிபிக்கின் இடுகாடு என்றே அழைக்கப்படுகிறது. அத்தகைய இடத்திலும் கயாக்கில் சென்று மீன் பிடிக்கின்றனர். அவர்களைப் பார்த்து எவரும் எதுவும் கேட்பதில்லை என்று தோன்றுகிறது. கேட்டிருந்தால் அக்கலை அங்கு இத்தனை வளர்ந்திருக்காது.

தமிழகக் கடலில் சால்மன் கிடையாது. அதன் குடும்பத்தைச் சேர்ந்த டிரவுட் மீனை நீலகிரிக்குக் கொண்டுவர 1860களில் பிரான்சிஸ் டே என்னும் மீனியல் அறிஞர் முயன்று தோற்றார். பிற்பாடு 1907இல் அவலாஞ்சியில் குஞ்சுபொரிப்பகம் அமைக்கப்பட்டபின் அது குளிர்ந்த மலையோடைகளில் நிலைபெற்றது. ஆக, தமிழ்நாட்டில் சால்மனின் உறவினர் ஒருவரைக் காண வேண்டுமாயின் கடலுக்கு நேரெதிர்த் திசையில், மலைமேல்தான் ஏற வேண்டும். சென்னையின் பெரிய கடைகளில் இளஞ்சிவப்புத் துண்டுகளாக விற்பது பெரும்பாலும் நார்வே நாட்டுப் பண்ணைகளில் வளர்ந்து விமானம் ஏறி வந்தது. எனவே இங்குள்ள தூண்டில்காரர் காலாவைக் கொண்டே மனநிறைவு கொள்ள வேண்டியிருக்கிறது. கொள்வதில் குறைவொன்றும் இல்லை.

காலா பார்க்கத் தகுந்த மீன். வெள்ளி நிற உடலும், ஆழமாகப் பிளந்த வாலும், கண்ணை மூடியிருக்கும் பிசின் போன்ற ஒளிபுகும் இமையும், மூக்குக்குக் கீழே ஒதுங்கிய வாயும் அதன் அடையாளங்கள். மார்புத் துடுப்பின் கீழே பக்கத்துக்கு நான்காகத் தனித்தனி இழைகள் தொங்கும். சேறு கலங்கிய முகத்துவார நீரில் கண்ணால் பயன் அதிகமில்லையாதலால், அவ்விழைகளால் தரையைத் தடவி இறாலையும் சிறுமீனையும் கண்டுகொள்கிறது. இம்மீன்கள் இளமையில் ஆணாக இருந்து, வளர்ந்தபின் பெண்ணாக மாறுகின்றன. ஆகவே பெரிய காலா கிடைத்தது என்று ஒருவர் சொல்வாராயின் அது பெரும்பாலும் பெண்மீனாகவே இருக்கும். வெண்ணந்தூர்த் தேநீர்க் கடையில் இச்செய்தியை எடுத்துரைப்பது எந்த வகையிலும் பயனளிக்காது என்பது சோதித்து அறியப்பட்டுள்ளது.

கயாக்கைப் பொறுத்தவரை, அதை முதலில் செய்தவர்கள் வடதுருவப் பகுதியின் இனுவிட் மக்கள். மரத்தாலோ திமிங்கில எலும்பாலோ கூடு கட்டி அதன்மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்தித் தைத்தனர். இன்று மீன்பிடிக்க விற்கப்படுவது நெகிழியில் வார்த்த, மேலே உட்காரும் வகை. அலை ஏறி வந்தாலும் தளத்திலுள்ள துளைகள் வழியே நீர் வடிந்துவிடும், ஆகவே மூழ்காது என்று விளம்பரங்கள் பெருமையடிக்கின்றன. மேலே உட்காருதல், நீர் வடிதல், மூழ்காமை ஆகிய மூன்றையும் சோழமண்டலக் கரையினர் மலைவேம்பு முதலிய எடை குறைந்த மரங்களைக் கயிற்றால் பிணைத்துக் கட்டுமரமாக எப்போதோ செய்துவிட்டனர். இடைவெளிகளில் நீர் வரும், போகும், மரம் மிதக்கும். அக்கட்டுமரங்கள் ஃபைபர் படகுகளுக்கு இடம்விட்டு மறைந்துகொண்டிருக்கும் காலத்தில், அதே பயனை உடைய ஒரு நெகிழிப் பொருளைப் பெருந்தொகை கொடுத்து வாங்கி, கடலே இல்லாத ஊரின் மொட்டை மாடியில் கவிழ்த்து வைத்திருக்கும் ஒருவர் வெண்ணந்தூரில் இருக்கிறார். அவர் பெயரை இங்குக் குறிப்பிடுவது முறையன்று. அவர் இக்கட்டுரையாளரின் வீட்டிலேயே வசிக்கிறார், அவருடைய உணவும் உடையும் இக்கட்டுரையாளருடையவையே. தண்ணீர்த் தொட்டியின் மூடியா, பூங்காவுக்கு வாங்கிய சறுக்குமரத்தில் பாதியா என்று அக்கம்பக்கத்தார் அதைப் பற்றி எழுப்பிய ஐயங்கள் அனைத்துக்கும் அவர் பொறுமையாக விடையளித்தார். பொறுமை அத்துடன் தீர்ந்தது.

இனி, ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்றவற்றம், திரும்பும் பொழுதைப் பற்றிக் கூறவேண்டும். அதற்குமுன், தூண்டிற்கலை பயில்வோர் எவரும் கடந்தே ஆகவேண்டிய ஓர் இடர்ப்பாட்டை ஆராய்வது நெறிக்கு உகந்தது. அலையும் காற்றும் சுறாவும் அவ்விடர்ப்பாட்டில் அடங்கா. அது “மாட்டுச்சா?” என்னும் கேள்வி.

ஏரிக்கரையில் தூண்டிலோடு ஒருவர் உட்கார்ந்த கணத்திலேயே இக்கேள்வி பிறந்துவிடுகிறது. இரை கோத்து, தக்கையை நீரில் எறிந்து, அது நேராக நிமிர்வதற்குள் முதலாமவர் வந்துவிடுவார். இவர் ஓடும் வண்டியிலிருந்து கேட்கும் வகையினர். பின்னால் சோளத்தட்டுக் கட்டு, முன்னால் பால் கேன், நடுவில் இவர். “என்னங்ண்ணா, மாட்டுச்சுங்களா?” என்ற கேள்வியின் முதற்பாதி ஆலமரத்தடியிலும் பிற்பாதி மதகடியிலுமாக விழும், விடைக்காக அவர் நிற்பதில்லை, விடை புழுதிக்குத்தான் சொல்லப்படும். இவரால் தீங்கு குறைவு. பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது மீண்டும் கேட்பார் என்பது மட்டுமே குறை.

அடுத்தவர் நிற்பவர். வண்டியை ஓரங்கட்டி, ஒரு காலைக் கரைக்கல்லின் மேல் ஏற்றி, துண்டை உதறித் தோளில் போட்டு, இனி இங்கேதான் இருக்கப்போகிறோம் என்பதை உடலால் அறிவித்தபின், குனிந்து வாளிக்குள் பார்ப்பார். வாளியில் தண்ணீர் இருக்கும். தண்ணீர் மட்டுமே இருக்கும். அதைத் தெளிவாகப் பார்த்தபின், நிமிர்ந்து, முகத்தில் எவ்விதக் களங்கமும் இன்றி, “மாட்டுச்சுங்களா?” என்பார். கண்ணால் கண்டதையும் தீர விசாரிப்பதே மெய் என்னும் கொள்கை உடையவர் இவர். இவ்வகையினரின் கேள்விக்கு “இல்லீங்க” என்று கூறினால் “ஏனுங்?” என்ற துணைக்கேள்வி எழும், அதற்கு மீன்கள்தான் விடையளிக்க வேண்டும்.

இவர்களைவிடக் கொடியவர் கேட்காமல் கேட்பவர். பின்னால் வந்து நிற்பார், வந்தது தெரியாது, பீடி வாசனையால் மட்டுமே அறியலாம். நெடுநேரம் தக்கையைப் பார்ப்பார். தூண்டில்காரர் முதுகில் அப்பார்வை ஏறிக்கொண்டே போகும். முடிவில் “ப்ச்” என்று ஓர் ஒலி எழுப்பிவிட்டுச் செல்வார். அவ்வொலியில் மீன் மாட்டாமை மட்டுமன்றி, உட்கார்ந்திருப்பவரின் படிப்பு, வருமானம், அவரைப் பெற்றவர்கள் பட்ட பாடு ஆகிய அனைத்தும் அடங்கியிருக்கும்.

அறிவுரையாளர் ஒருவர் எப்போதும் உண்டு. “அந்தண்ட போடுங்ண்ணா, நேத்து அங்கதான் துள்ளுச்சு” என்பார். பொருட்களையெல்லாம் சுருட்டிக்கொண்டு அந்தண்டைக்குச் சென்று தூண்டிலைப் போட்டதும், முன்பிருந்த இடத்தில் ஒரு மீன் துள்ளும்; அதை முதலில் பார்ப்பவரும் அவரே. அவர் கடைசியாகத் தூண்டில் பிடித்தது எப்போது என்று கேட்டால், கரைமேல் நின்றே அத்தனையும் அறிந்ததாகக் கூறுவார். வரலாற்றாளரோ இன்றைய மீனைப் பற்றிப் பேசவே மாட்டார். ஏரி கோடி போன ஏதோ ஓர் ஆண்டில் தம் பாட்டன் வெறுங்கையால் பிடித்த விராலைப் பற்றிக் கூறத் தொடங்குவார். தொடக்கத்தில் அது முழங்கை நீளம், மதகு வந்தபோது தோள் நீளம், பாட்டன் வீடு சேர்ந்தபோது அதைத் தூக்க இரண்டு பேர். இதற்கிடையில் தக்கை இருமுறை அமிழ்ந்து எழுந்திருக்கும். பாட்டனை மதித்துக் கேட்டுக்கொண்டிருந்ததால் தூண்டில்காரர் அதைக் கவனித்திருக்க மாட்டார்.

பொருளியலாளர் வந்துவிட்டால் அன்றைய பொழுது முடிந்தது எனலாம். கழி என்ன விலை, ரீல் என்ன விலை, நரம்பு எத்தனை மீட்டர் என்றெல்லாம் உண்மையான ஆர்வத்துடன் விசாரிப்பார். ஆர்வம் கண்டு மகிழ்ந்து தூண்டில்காரர் ஒவ்வொன்றையும் சொல்லுவார், விலையைச் சற்றே குறைத்து. அவர் கண்ணை மூடிக் கூட்டி, வந்துபோன பெட்ரோலையும் விடுபட்ட ஒருநாள் கூலியையும் சேர்த்து, இதுவரை பிடித்த மீன்களின் தோராய எடையால் வகுத்து, ஒரு கிலோ மீன் என்ன விலை விழுந்திருக்கிறது என்பதை அறிவிப்பார். “இதுக்குச் சந்தையில வஞ்சரமே எடுத்துப் போட்டிருக்கலாமுங்க.” இக்கணக்கில் பிழை கண்டுபிடிக்க வீட்டில் உட்கார்ந்து தாளில் போட்டுப் பார்த்ததில், அவர் இரையின் விலையை விட்டுவிட்டது மட்டுமே தெரியவந்தது.

சிறுவர்களைப் பற்றி அதிகம் கூற மனமில்லை. ஒரு வேலிக்குச்சி, தையல் நூல், மண்புழு, இவற்றோடு பத்தடி தள்ளி உட்கார்ந்து ஜிலேபி மீன்களை வரிசையாக எடுத்துப் போட்டுக்கொண்டே, “மாமா, உங்களுக்கு மாட்டுச்சா?” என்பர். அவர்களிடம் கேலி இல்லை. இரக்கம் மட்டுமே இருக்கிறது. அதுதான் பொறுக்க முடியவில்லை. ஜிலேபியும் ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டு 1952இல் இந்நாட்டு நீருக்குள் கொண்டுவரப்பட்ட மீன், அது தானாகவே எதையும் கடிக்கும், அதைப் பிடிப்பதில் கலை ஒன்றும் இல்லை என்று அச்சிறுவர்களுக்கு ஒருமுறை விரிவாக விளக்கப்பட்டது. கேட்டுக்கொண்டே இன்னொன்றைப் பிடித்தனர்.

மாட்டினால்தான் இக்கேள்வி ஒழியுமோ என்றால், அதுவும் இல்லை. நல்ல எடையுள்ள கட்லா ஒன்று கரையில் துடித்துக்கொண்டிருந்தபோது வந்தவர் அதைப் பார்த்தார், “இது ஒண்ணுதானுங்களா?” என்றார். இதிலிருந்து, மீனின் எண்ணிக்கைக்கும் இக்கேள்விக்கும் தொடர்பில்லை என்பது புலனாகிறது. தற்காப்பாக வழங்கிவரும் மறுமொழி ஒன்றே ஒன்று: “இப்பத்தான் வந்தேன்.” அதைப் பொழுது சாயும் நேரத்தில், விடியற்காலையிலேயே தம்மைப் பார்த்துவிட்டுப் போன அதே பால்காரரிடம் கூறிய தூண்டில்காரர்களும் உண்டு.

நாட்டில் வேறு எவரையும் எவரும் இவ்வாறு கேட்பதில்லை என்பதே இதில் எரிச்சலூட்டுவது. விசைத்தறிக்காரரைப் பார்த்து, தறி ஓடிக்கொண்டிருக்கையில், “நெஞ்சாச்சா?” என்று எவர் கேட்கிறார்? கோயிலிலிருந்து வெளியே வருபவரின் திருநீற்றைப் பார்த்து “கிடைச்சுதா?” என்று கேட்கும் துணிவு எவருக்கு உண்டு? திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்துவிட்டுப் பேருந்துக்கு நிற்பவரிடம் இதைக் கேட்டால் ஊரே திட்டும். தூண்டில் பிடித்தவர் மட்டும் எல்லோருக்கும் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் ஆகிவிடுகிறார். அதைவிட வியப்பு, அந்த மொட்டைமாடிக் கயாக்குக்கு உரியவர் தாமே திருமணிமுத்தாற்றுப் பாலத்தில் வண்டியில் போகும்போது, கீழே எவரேனும் தூண்டிலோடு நின்றால், வேகத்தைக் குறைத்து, கழுத்தை நீட்டி, அக்கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் செல்கிறார். அந்நுரை பொங்கும் நீரில் மாட்டினாலும் தின்ன முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

கேட்டிருக்க வேண்டிய இடத்தில் மட்டும் இக்கேள்வி கேட்கப்படவில்லை. சால்மனைப் போலவே கடலிலிருந்து ஆறேறி முட்டையிடும் மீன் ஒன்று இந்நாட்டுக்கும் இருந்தது. உல்லம் என்று அதற்குப் பெயர், வங்காளிகள் இலிசு என்று கொண்டாடுவதும் அதையே. காவிரியிலும் கொள்ளிடத்திலும் புதுவெள்ளம் வரும்போது அது எதிர்நீச்சலிட்டு ஏறிவந்தது. 1836ஐ ஒட்டி ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையும் கீழணையும் கட்டினார். வயல்கள் விளைந்தன, மீனுக்கு வழி அடைபட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெடெரிக் நிக்கல்சனின் முயற்சியால் உருவான சென்னை மாகாண மீன்துறையினர், கீழணையில் உல்லத்தின் முட்டைகளைச் செயற்கையாகப் பொரிக்கச் செய்து பார்த்தனர். அப்படிச் செய்யவேண்டி வந்ததே நிலைமையைக் காட்டுகிறது. 1934இல் மேட்டூர் அணை முடிந்து வெள்ளத்தின் போக்கும் காலமும் மாறியபின் காவிரியின் உல்லம் பேச்சளவில் நின்றது. அணைகள் இன்றி இவ்வட்டாரத்தில் ஒருவர் சோறு உண்ண முடியாது என்பதை மறுக்கவில்லை, ஆயினும் அணைமேல் நின்ற பொறியாளர்களிடம் ஒரு பால்காரரேனும் வண்டியை நிறுத்தி, “என்னங், உல்லம் ஏறுச்சுங்களா?” என்று கேட்டிருக்கலாம்.

மகாசீர் என்னும் பெருங்கெண்டை காவிரியின் மேற்பகுதியில் இருந்தது. எடைக்கு எடை பார்த்தால் சால்மனைவிட வலிமையாகப் போராடும் மீன் என்று சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த எச். எஸ். தாமஸ் 1873இல் வெளியான தம் தூண்டில் நூலில் எழுதினார். அதன் திமிலுள்ள இனம் இன்று அழிவின் விளிம்பில் நிற்பதால் அதைப் பற்றித் தூண்டில்காரர் ஆசைப்படுவதும் தகாது. இவ்வாறு மலையிலும் ஆற்றிலும் வழியற்றுப் போனதால்தான் வெண்ணந்தூர்க்காரர் கடலுக்குப் போக நேர்ந்தது என்று கூறினால் அது முழு உண்மையாகாது. கேள்வி கேட்க ஆளில்லாத ஓரிடத்தைத் தேடியே அவர் போனார்.

சென்ற ஞாயிறன்று நடந்தது இன்னும் ஆறவில்லையாதலால் அதைச் சுருக்கமாகவே கூறவேண்டும். கயாக்கைக் காரின் கூரைமேல் கவிழ்த்துக் கட்டி, ஆத்தூர், விருத்தாசலம், சிதம்பரம் வழியாக இரவோடிரவாகச் சென்று, விடியுமுன் பழையாற்றை அடைந்து, உயிர்மிதவை அணிந்து, கைப்பேசியை அணைத்து நீர்புகாப் பையில் முடிந்து, உயிருள்ள இறாலின் வாலில் முள்ளைக் கோத்தாயிற்று. தை மாதமாதலால் கடல் அடங்கியிருந்தது. ஆற்றின் பழுப்பு நீரும் கடலின் பச்சை நீரும் சேருமிடத்தில் நுரையும் தழையும் ஒரு கோடாக மிதந்து கிடந்தன; சிறுமீன்கள் அக்கோட்டில்தான் திரியும், காலாவும் அவற்றின் பின்னாலேயே வரும் என்பதால் கயாக்கை அங்கே நிறுத்தியாயிற்று. இக்கரையில் ஓத வேறுபாடு ஒரு மீட்டர் அளவே. கொலம்பியாவின் கணக்கோடு ஒப்பிட்டால் அற்பம். ஆனாலும் வற்றும் நீர் தளர்ந்து, கோடு நெளிந்து, துடுப்பு போடாமலேயே கயாக் ஒரே இடத்தில் நின்றது. எத்திசையிலும் மனிதர் இல்லை. நரம்பு மெல்ல விறைத்தது. இக்கட்டுரையின் முதற்பத்தியில் வாக்களிக்கப்பட்ட அந்தச் சிறுபொழுது இதுவே. அதைக் கூர்ந்து கவனித்திருந்தால் அதன் காரணகாரியங்களை இங்கு முறையாக எழுதியிருக்க முடியும்.

அப்போது இரவெல்லாம் வலையிட்டுக் கரை திரும்பும் ஃபைபர் படகு ஒன்று நேர்வழியை விட்டு விலகி, வளைந்து, கயாக்கை நோக்கி வந்தது. இயந்திரத்தை நிறுத்தினர். அது நின்றபின் எழுந்த அமைதியில், படகின் தலைப்பில் நின்ற பெரியவர் குனிந்து கயாக்கின் முன்பின் பகுதிகளையும் மூடியிருந்த பனிப்பெட்டியையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, “எதுனா பட்டுச்சா தம்பி?” என்றார். கரையோரச் சொல் வேறாயிருந்தது, கேள்வி வேறாயில்லை. படகின் அலையில் நுரைக்கோடு கலைந்தது, நரம்பு தொய்ந்தது, முள்ளில் இறாலின் வால் மட்டும் மிஞ்சியது. “இப்பத்தான் வந்தேன்” என்னும் விடை அக்கடற்பரப்பிலும் சொல்லப்பட்டது.

பெரியவர் அதை நம்பவில்லை. நம்பாததை முகத்தில் காட்டவும் இல்லை. எந்த ஊர் என்று கேட்டார். சேலம் பக்கம் என்றதும் படகிலிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். பிறகு அவர் வலைக்குவியலில் கையைவிட்டு, முழங்கைக்கு மேல் நீளமுள்ள காலா ஒன்றை எடுத்து, “அவ்ளோ தொலவுலேர்ந்து வந்துட்டு வெறுங்கையோட போவாதீங்க” என்று கயாக்கின் மடியில் போட்டார். காசு நீட்டியதற்குச் சிரித்தார். நன்றி கூறுவதற்குள் இயந்திரம் கிளம்பிவிட்டது. இலவசமாகக் கிடைத்த மீனால் ஒருவருக்கு இத்தனை கோபம் வரக்கூடும் என்பதற்கு நூல்களில் சான்று தேடியும் கிடைக்கவில்லை.

மாலையில் வண்டி வெண்ணந்தூருக்குள் நுழைந்தபோது பால்காரர் எதிர்ப்பட்டார். வழக்கத்துக்கு மாறாக நின்றார். கேட்டார். “மாட்டுச்சு” என்று விடை சொல்லப்பட்டது. எதில் மாட்டியது என்று அவர் கேட்கவில்லை, கேளாத வினாவுக்கு விடையளிப்பது ஆய்வாளர் மரபன்று. பனிப்பெட்டி திறக்கப்பட்டது. தெருவே கூடியது. பொருளியலாளர், கார் வாடகையையும் சுங்கச்சாவடியையும் சேர்த்து ஒரு தொகை சொன்னார். அத்தொகை இங்கு வெளியிடத்தக்கதன்று. வரலாற்றாளர் மீனைக் கையால் முழம்போட்டுப் பார்த்து, பாட்டனைப் பற்றி ஏதும் சொல்லாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அன்றைய நாளின் ஒரே வெற்றி அதுதான். ஒருவர் அதன் தாடி இழைகளைத் தொட்டு இது கெளுத்தி என்றார், மற்றொருவர் செதிலைக் காட்டி மறுத்தார். கடல்மீனுக்குப் புளி அதிகமா குறைவா, தேங்காய் அரைப்பதா வேண்டாமா என்பதில் அடுப்படிக்கும் திண்ணைக்கும் இடையே வெகுநேரம் உடன்பாடு ஏற்படவில்லை.

குழம்பு இறங்கியபின் அக்கம்பக்கத்தாருக்கும் கிண்ணங்கள் சென்றன. கேட்காமல் கேட்கும் அந்தப் பீடிக்காரருக்கும் ஒரு கிண்ணம் கொடுக்கப்பட்டது. அவர் உண்டு முடித்து, கையைக் கழுவி, துண்டால் துடைத்து, முதன்முறையாக வாய் திறந்து, “என்ன இருந்தாலும் நம்ம ஏரி ஜிலேபி ருசி இதுல இல்லீங்க” என்றார். அவர் மூன்று துண்டுகள் உண்டிருந்தார். நடுத்துண்டு இரண்டு, வால் ஒன்று.